கேட்டது சாம்பல் பூனை, வந்தது வாயாடி

புவாயாய்ச் சந்தை,
மழை வராத ஏழாம் மாதம்.

பிமாயில் பூனைகளோடு குடித்தனம் நடத்தும் என் மச்சினி சம்லீக்கு, விரால் கருவாட்டுக் கடை பிரயூன் அத்தான் எழுதிக்கொள்வது. நான் நலம், கடை நலம், கருவாடும் நலம். நீயும், உன் வீட்டில் ஒரு நாற்காலி விடாமல் ஏறி உட்கார்ந்திருக்கும் அந்தக் கூட்டமும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுமென்று விகாரையில் தாமரை வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

உனக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் நான் வியாபாரி. வந்த சரக்கில் என்ன குறை என்று சொல்லிவிட்டுத்தான் நன்றிக்கு வருவேன்.

உன் அக்கா லம்யாய், ரயோங்கில் இருக்கும் எங்கள் மகள் ரத்தனாவின் பிரசவத்துக்குப் போனவள். அந்தக் குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கவே ஆரம்பித்துவிட்டது. அப்போதும் இவள் திரும்பவில்லை. போன் போட்டால், "வந்து என்ன பண்ணப் போறேன்? அந்த வீட்ல நான் பேசினா சுவருதான் கேக்குது" என்பாள். பகலெல்லாம் சந்தையில் பேசிப் பேசித் தொண்டை வற்றிப்போய் மாடி ஏறுகிறவன், கடைக் கதவை இழுத்துச் சாத்தும்போது வாயையும் சேர்த்துச் சாத்திவிடுகிறான், இதிலே என்ன குற்றம் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அவள் இல்லாத வீட்டில் ஃபிரிட்ஜ் உறுமுவதைத் தவிர வேறு சத்தமே இல்லை, சோறு ஒரு நாள் அடிப்பிடித்தது, மறுநாள் வேகாமல் நின்றது, மேஜைக்கு எதிரே இருக்கிற அவளுடைய நாற்காலியைப் பார்க்காமல் சாப்பிட நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார ஆரம்பித்துவிட்டேன். சரி, மடியில் உட்கார ஒரு பூனை இருந்தால் வருவாள் என்று முடிவு செய்தேன்.

நான் எதையும் விசாரிக்காமல் வாங்குகிறவன் இல்லை. மருந்துக் கடைக்காரர் வீட்டுப் பாரசீகப் பூனையைப் போய்ப் பார்த்தேன். உடம்பு முழுக்க முடி, நம் ஊர் வெயிலுக்கு மின்விசிறி முன்னால் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது, எலி வந்தபோது எழுந்து அதற்கு வழி விட்டது. தையல்காரம்மா வீட்டில் ஒரு வெள்ளைப் பூனை, ஒரு கண் நீலம், ஒரு கண் மஞ்சள், பார்க்க ராணி மாதிரி. "எடுத்துக்கோங்க, ஆனா காது கேக்காது, கூப்பிட்டாத் திரும்பாது" என்றாள். என் பின்னாலேயே வந்திருந்த காய்கறிக்கடை சவாய் அக்கா சும்மா இருக்கக் கூடாதா? "அப்ப வேணாம். லம்யாய் வீட்ல அப்படி ஒண்ணு ஏற்கெனவே இருக்கு!" சந்தை முழுக்கச் சிரித்தது.

அதனால்தான் சாம்பல் நிறச் சீசவாத் என்று தீர்மானித்தேன். எங்கள் கல்யாணத்தில், மணப்படுக்கையில் சடங்குக்காகப் பூசணிக்காயும் மருந்து அரைக்கும் கல்லும் வைத்த கையோடு உன் அப்பா ஒரு சாம்பல் பூனையையும் கொண்டுவந்து விட்டாரே, அதே இனம். சாது, அதிகம் குரல் கொடுக்காது. உனக்குப் போன் போட்டுத் தெளிவாகத்தானே சொன்னேன்? "அமைதியா இருக்கணும், எதுவும் கேக்கக் கூடாது, மடியில உக்காரணும்." நீயும், "சரி அத்தான், உங்க வீட்டுக்கு ஏத்த குணமாப் பாத்து அனுப்புறேன்" என்றாய்.

பஸ்ஸில் கூடை வந்தது. திறந்தால் பாலேடு நிற உடம்பு, கரி பூசிய முகம், நாலு காலையும் மீன் ஊறுகாய்ப் பானைக்குள் விட்டு எடுத்த மாதிரி கறுப்பு, நீலக் கண். அசல் சயாம் பூனை! தராசில் ஏறி உட்கார்ந்து ஆரம்பித்தாள் பார். அது பூனைக் குரலா? மீதிச் சில்லறை குறைந்துபோன பெண்பிள்ளையின் குரல். கேட்கிறாள், பதிலுக்குக் காத்திருக்கிறாள், மறுபடி கேட்கிறாள், சொல்லாவிட்டால் தோளில் ஏறிக் காதுக்குள் கேட்கிறாள். உன்னிடம் புகார் சொன்னேன். "ஒரு வார்த்தை பதில் சொல்லிப் பாருங்க அத்தான், விட்டுடுவா" என்றாய். சொன்னேன். விடவில்லை. "ஆமா, மழையே இல்ல." "மியாவ்?" "அந்தம்மா போன வாரமும் இப்படித்தான் பேரம் பேசிச்சு." வாடிக்கையாளர்கள் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மிளகாய் என்று பெயர் வைத்தேன். இவ்வளவு கருவாட்டின் நடுவே உட்கார்ந்துகொண்டு ஒரு துண்டைக்கூட மோந்து பார்க்க மாட்டாள், ஆவியில் வேகவைத்த கானாங்கெளுத்தி வேண்டும், அதுவும் நான் முள் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

இந்த நிலையில் சவாய் அக்கா வந்து, மழைக்காகப் பூனை ஊர்வலம் எடுக்கிறோம், மிளகாயைக் கூடையில் வைத்துத் தூக்கி வழியெல்லாம் தண்ணீர் ஊற்றுவோம், பூனை கத்தினால் மழை வரும் என்றாள். "பக்கத்து ஊர்ல பொம்மைப் பூனையை வெச்சு ஒப்பேத்துறாங்களே?" என்றேன். "அதான் அங்க மழையும் பொம்மையாட்டம் இருக்கு. நல்லாக் கத்துற பூனை வேணும், குடுங்க." கொடுத்தேன். முதல் குவளைத் தண்ணீர் மேலே விழுந்ததும் மிளகாய் ஓர் அலறல் போட்டாள். கூட்டத்துக்குள் பாய்ந்து, "இதோ வந்துட்டேன் கண்ணு, பயப்படாத, நான் இருக்கேன்ல" என்று அவளைத் தூக்கி என் சட்டையைக் கழற்றிச் சுற்றினேன். கடைவீதி முழுக்க வெற்றுடம்போடு நனைந்துகொண்டு ஊர்வலம் போனேன். அந்த நேரம் பார்த்தா லம்யாய் போன் போட வேண்டும்!

"யாருங்க அங்க அழறது?"

"ஒண்ணுமில்ல லம்யாய், நனைஞ்சுட்டா. என் சட்டையில சுத்தி வெச்சிருக்கேன்."

"எவ அவ?"

விளக்கம் சொல்வதற்குள் எவனோ ஒருவன் அடுத்த வாளியை என் தலையில் கவிழ்த்தான். போன் செத்தது.

மழை வந்ததா? இல்லை. மறுநாள் காலை லம்யாய் வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி, குடையை ஓங்கியபடி நேராகக் கடைக்குள் நுழைந்தாள். "எங்க அவ?" கல்லாப்பெட்டி மேல் இருந்தவளைக் காட்டினேன். மிளகாய் லம்யாயை ஏற இறங்கப் பார்த்து ஏதோ கேட்டாள். "ரயோங்லேருந்து" என்றாள் லம்யாய். இன்னொன்று கேட்டாள். அதற்கும் பதில் வந்தது. குடை மெதுவாகக் கீழே இறங்கியது. மாலையில் சாப்பிடும்போது, ரத்தனாவின் வீட்டுக்காரம்மா தண்ணீர்க் குழாயைப் பூட்டிவைத்த கதையை லம்யாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். பழக்க தோஷத்தில் என் வாய், "அப்புறம்?" என்றது. ஃபிரிட்ஜ் எழுந்து பேசியதைப் போல என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் நடந்ததையும் சொன்னாள். மறுநாள் அவளுடைய துணிகள் அலமாரிக்குள் போயின.

ஆகவே சம்லீ, நீ அனுப்பியது தப்பான சரக்கு. இத்தனை வருட வியாபாரத்தில் என் தலையில் இப்படி யாரும் மாற்றுச் சரக்கைக் கட்டியதில்லை. உனக்குக் கோடி நன்றி, திருப்பி அனுப்ப மாட்டேன். கடையிலேயே கொழுத்த விரால் கருவாடாகப் பொறுக்கி ஒரு கட்டு பஸ்ஸில் ஏற்றுகிறேன். உன் வீட்டுக் குட்டிகளெல்லாம் நல்ல மடிகளாகப் பார்த்துப் போய்ச் சேரட்டும். நீ நோய்நொடியில்லாமல் நீண்ட காலம் இரு.

அன்புடன்,
பிரயூன் அத்தான்

பின்குறிப்பு: உறை ஒட்டும் முன் உன் அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "பூனைங்களுக்கு நடுவுல பொறந்து வளர்ந்தவ நான். எது பொண்ணு குரல், எது பூனைக் குரல்னு எனக்குத் தெரியாதா? ரோஷத்துல அங்கேயே தங்கிட்டவ திரும்பி வர ஒரு சாக்கு வேணாமா? சாம்பல் வேணாம்டி, அவரைப் பேச வைக்கிற வாயாடியா அனுப்புன்னு சம்லீகிட்ட சொன்னதே நான்தான்!" ஆகவே மேலே உனக்கு எழுதிய நன்றியில் பாதியை அடித்துவிட்டு வாசி. கருவாட்டுக் கட்டும் பாதியாகத்தான் வரும், மீதியை உன் அக்கா இப்போது வறுத்துக்கொண்டிருக்கிறாள். யாருக்கு எழுதுகிறாய் என்று மிளகாய் தோளில் ஏறிக் கேட்கிறாள். பதில் சொல்ல வேண்டும், நிறுத்துகிறேன்.