காலர் மேசைக்கு வந்த புது ஆள்

அலுவலகத்தில் அவர் பிரிண்டரை ஒரே ஒரு தடவைதான் தொட்டார். வேண்டுமென்றே பேப்பரைக் கோணலாகச் சொருகி அதைக் கதறவிட்டார். அதோடு சரி, யாரும் அவரை அந்தப் பக்கமே விடுவதில்லை. உருப்படாமல் செய்தால் பிழைத்தோம் என்பது அவர் கண்ட ஞானம்.

அந்த ஞானத்துக்கு இப்போது வீட்டிலும் வேலை வந்துவிட்டது. தையல் ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருக்கும் மனைவியை மேனேஜர் ஆகும்படி கேட்டிருந்தார்கள். சனிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். ஆனால் தினமும் விடிந்ததுமே கிளம்பிப் போகவேண்டும்.

"எனக்கு ரொம்ப ஆசையா இருக்குங்க. அந்த மெஷின் சத்தத்துல காது போனதுக்கு ஒரு மரியாதை வேணாமா? ஆனா காலையில பொண்ணை யாரு கிளப்பி விடுறது? சாப்பாட்டு டப்பா யாரு கட்டுறது?"

அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். வேண்டாம் என்றால் கொடுமைக்காரன். சரி என்றால் காலைத் தூக்கம் காலி! மனுஷன் நெஞ்சை நிமிர்த்தினார்.

"நான் எதுக்கு இருக்கேன்? இந்த வாரம் காலை வேலை பூரா என்னோடது. பார்த்துட்டு நீயே முடிவு பண்ணும்மா."

பார்த்தால் அவளே பதவியை வேண்டாம் என்றுவிடுவாள். பழியும் வராது, தூக்கமும் போகாது.

திங்கட்கிழமை கைவரிசையைக் காட்டினார். முட்டை கரியாகிவிட்டது. மகளின் ரெட்டைச் சடையில் ஒன்று வானத்தைப் பார்த்தது, இன்னொன்று வாசலைப் பார்த்தது.

"அம்மா! அப்பா என் தலையை என்ன பண்ணியிருக்காருன்னு பாரும்மா!"

மனைவி வந்து பார்த்தாள். இதோ வெடிக்கப்போகிறது என்று அவர் ஆசையோடு காத்திருந்தார்.

"முதல் நாள்தானேங்க. நாளைக்கும் இதையே செய்யுங்க."

மறுநாள் இன்னும் மோசமாகச் செய்தார். "பரவாயில்லங்க, நாளைக்கும் இதே" என்றாள். அடக் கடவுளே, இவளுக்குக் கோபமே வராதா?

அன்று மகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகும்போது பக்கத்து வீட்டுக்காரர் வழிமறித்தார்.

"என்ன சார், பாப்பா கரன்ட் கம்பியைத் தொட்டுடுச்சா?"

சுருக்கென்றது. மகள் தலைகுனிந்து நடந்தது அதைவிட வலித்தது. மறுநாள் ரோஷத்தோடு சீப்பை எடுத்தார். வகிடு ரோடு போட்ட மாதிரி நேராக வந்தது. முட்டை பொன்னாகப் பொரிந்தது.

"அப்பா, சூப்பர்ப்பா!" என்று மகள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பூரித்துப் போனார். அப்புறம்தான் திட்டமே ஞாபகம் வந்தது.

"இது ஏதோ குருட்டாம்போக்குல வந்துடுச்சும்மா. தினமும் நம்மால ஆகாது. நீ ஆபீஸ்ல முடியாதுன்னே சொல்லிடு."

"திங்கட்கிழமையே சரின்னு சொல்லிட்டேனே!"

"அன்னிக்குதானேடி முட்டையே கரிஞ்சுது?"

"அதைப் பார்த்துதாங்க தைரியம் வந்துச்சு. எங்க ஃபேக்டரியில சட்டைக் காலர் தைக்கிற மேசைன்னா எல்லாருக்கும் கசக்கும். புதுசா வர்றவங்க தப்பிக்கறதுக்காக வேணும்னே கோணலாத் தைப்பாங்க. நாங்க திட்டவே மாட்டோம். நேரா வர்ற வரைக்கும் காலரையே கொடுத்துக்கிட்டிருப்போம்."

அவர் முகம் மலர்ந்தது. "எனக்குத்தான் நேரா வந்துடுச்சே! அப்ப வேற மேசைக்கு மாத்திடுவீங்கல்ல?"

மனைவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நல்லாத் தைக்கிற ஆளைக் காலர் மேசையை விட்டு யாராவது எழுப்புவாங்களாங்க?"