ஜன்னல் வெளிச்சத்து வைத்தியர்

ஸ்கேன் எடுப்பவர்கள் ஒரு ரகம். எடுத்த ஸ்கேனைப் பார்த்துக் குறிப்பு எழுதுபவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டு ரகத்துக்கும் படிப்பு உண்டு, பட்டம் உண்டு, கழுத்தில் தொங்க அட்டை உண்டு. மூன்றாவது ரகத்துக்கு இதெல்லாம் தேவையில்லை. ஒரு ஜன்னல் போதும்.

அவரை உங்களுக்குத் தெரியும். யாராவது ஸ்கேன் உறையோடு வீட்டுக்குள் நுழைந்தால், வந்தவர் செருப்பைக் கழற்றுமுன் உறை இவர் கைக்குப் போயிருக்கும்; படத்தை உருவி, ஜன்னலோரம் போய், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, தலைகீழாக இருப்பது தெரிந்ததும் வேண்டுமென்றே அப்படிப் பிடித்தவர்போல மெல்லத் திருப்பி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "ம்" என்பார். அந்த ஒரு "ம்" போதும், குடும்பமே சாமி படத்தைத் திரும்பிப் பார்க்க. அடுத்து வரும்: "நான் டாக்டர் இல்லதான். ஆனா..." அந்த "ஆனா"வுக்குப் பிறகு உண்மையான டாக்டர்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

நாம் பார்க்கப்போகிறவருக்குத் தொழில் ஏசி பழுதுபார்ப்பது. இருபத்தெட்டு வருட அனுபவம். ஏசிக்கும் மனிதனுக்கும் அவர் பெரிய வித்தியாசம் காண்பதில்லை. இரண்டிலும் எங்கோ அடைப்பு, எங்கோ கசிவு, எங்கோ தேவையில்லாத சூடு. பக்கத்து வீட்டுக்காரரின் முழங்கால் எக்ஸ்ரேயைப் பார்த்து "கேஸ் இறங்கியிருக்கு" என்றவர் இவர்தான். வீட்டில் ஜன்னல் டாக்டர் என்று பெயர். கேலியாக வைத்தார்கள், இவர் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

இந்த முறை வந்தது சொந்த அக்காவின் படம். அக்காவுக்கு வலது நுரையீரலில் கட்டி. ஆறு வாரம் கதிர்வீச்சு கொடுத்தார்கள். அது முடிந்து மூன்று மாதம் ஆகிறது. இப்போது வறட்டு இருமல், நாலு படி ஏறினால் மூச்சு இரைப்பு. கட்டி திரும்பிவிட்டதா என்று பார்க்க, உடம்பு முழுக்க பெட் (PET) ஸ்கேன் எடுத்தாயிற்று. டாக்டரைப் பார்ப்பது மாலை நாலு மணிக்கு. உறை கைக்கு வந்தது காலை பத்துக்கு. ஆறு மணி நேரம். சும்மா உட்கார்ந்திருக்க இவரால் முடியுமா?

படத்தை உருவினார். சாம்பல் நிற உடம்பில் அங்கங்கே ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. மூளை அடுப்பு மாதிரி. சிறுநீரகங்கள் இரண்டும் கங்கு மாதிரி. அடிவயிற்றில் ஒரு நெருப்பு உருண்டை. ஜன்னல் டாக்டர் படத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனார். வலது நுரையீரலில் மங்கலாக ஒரு பட்டையும் தெரிந்தது. தூசி என்று நினைத்துச் சட்டை நுனியால் துடைத்தார். போகவில்லை. விட்டுவிட்டார்.

அக்காவின் மகளைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"அம்மாகிட்ட சொல்லிடாதே. மூளைக்குப் போயிடுச்சு. கிட்னிக்கும்."

"ரிப்போர்ட்ல என்ன எழுதியிருக்கு மாமா?"

"எழுத்து எதுக்கு? படமே எரியுதே."

பத்தே நிமிடம். மகள் கண் சிவந்து வெளியே வந்தாள். அக்காவின் கணவர் வாஷிங் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒருவரும் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் வகுப்பெடுத்த அக்காவுக்கு, எதையோ ஒளிக்கும் முகம் எது என்று தெரியாதா?

"நாலு மணிக்கு நான் வரல," என்றாள். "டாக்டர் சொல்லப்போறதை நீங்களே மூஞ்சில எழுதி வெச்சிருக்கீங்க. இனிமே ஊசியும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். ஆளை விடுங்க."

போர்த்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். போர்வைக்குள்ளிருந்து இருமல் மட்டும் வந்தது. மகள் கெஞ்சினாள், கணவர் கெஞ்சினார். மணி நாலும் ஆயிற்று. நாலேகாலுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன்.

"ஏன் வரல? டாக்டர் இன்னைக்கே பாத்தாகணும்னு சொல்றாங்க."

ஜன்னல் டாக்டர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். 'சொன்னேனா இல்லையா?' என்றது அந்தப் பார்வை.

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். "இவ்வளவு அவசரமா கூப்பிட்டா போய்த்தான் ஆகணும். கேட்டுட்டு வந்து படுத்துக்கறேன்."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கதையைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"மூளைக்குப் பரவிடுச்சுன்னு யார் சொன்னது?"

நாலு பேரில் மூன்று பேர் ஒருவரையே பார்த்தார்கள்.

"ஸ்கேனுக்கு முன்னாடி ஊசில போட்டது சர்க்கரை மாதிரி ஒரு மருந்து. மூளைக்கு எப்பவும் சர்க்கரைப் பசி. எல்லாருக்கும் எரியும். மிச்ச மருந்து கிட்னி வழியா சிறுநீர்ல இறங்கும், அதனால அங்கேயும், அடிவயித்துல சிறுநீர்ப் பையிலயும் எரியுது." பேனா நுனி அந்த மங்கலான பட்டையில் வந்து நின்றது. "நான் அவசரமா கூப்பிட்டது இதுக்கு. ஓரத்தைப் பாருங்க, ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி. கதிர்வீச்சு கொடுத்த இடத்தோட எல்லை. கட்டி இப்படி வளர்றது அபூர்வம். பழைய கட்டியும் சுருங்கியிருக்கு. இது வைத்தியத்தால நுரையீரல்ல வந்த அழற்சின்னு நினைக்கிறேன், இருமலும் அதனாலதான். மாத்திரையை இன்னைக்கே ஆரம்பிக்கணும். ஆறு வாரத்துல மறுபடி ஸ்கேன் எடுத்து உறுதி பண்ணிக்கலாம். வீட்லயே படுத்திருந்தீங்கன்னா மூச்சுக்கே ஆபத்தாயிருக்கும்."

அக்கா தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"டேய், உன் மூளைகூட எரியுமாம்டா. எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

"உள்ள ஏதோ சூடு இருக்குன்னு நானும் சொன்னேனே," என்றார் தம்பி. ஒரு கையால் உறையை நெஞ்சோடு பிடித்திருந்தார். அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டு மாத்திரைச் சீட்டை அதில் திணித்தாள். வாங்கி வர ஓடினார். தெரியாது என்ற ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஆறு மணி நேரம் உட்கார அவருக்குப் பயம். அதற்குத் தப்பான பதிலே தேவலை. இந்த ரகத்தின் மொத்த மருத்துவப் படிப்பும் அவ்வளவுதான்.

சிரித்தீர்கள். சந்தோஷம். இப்போது உங்களுக்கு ஒரு சின்னப் பரிசோதனை. நாளைக்கு நண்பர் ஒருவர் ஸ்கேன் உறையோடு வருகிறார். உங்கள் கை தானாக நீள்கிறது. படத்தில் ஏதோ மங்கலாகத் தெரிகிறது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஓரம் நேரா இருக்கு பாருங்க, அப்படின்னா பயமில்ல," என்கிறீர்கள். நண்பர் கண்ணில் நீர் தளும்ப, "இதெல்லாம் எங்கே படிச்சீங்க?" என்று கேட்கிறார்.

தயவுசெய்து என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்.