இனிப்புக்கு நேரம் பார்ப்பவர்

இனிப்பைக் கண்டதும் வாயில் போட்டுக்கொள்கிறவர்கள் ஒரு ரகம். டாக்டர் சொன்னார் என்று தொடாமலே இருக்கிறவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டு ரகத்தாலும் உலகத்துக்கு ஒரு தொந்தரவும் இல்லை. மூன்றாவதாக ஒரு ரகம் இருக்கிறது பாருங்கள், அது தின்பதற்கு முன் கடிகாரத்தைப் பார்க்கும். பார்த்துவிட்டு, தின்னும்.

நம்முடைய ஆள் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் கணக்குப் பிரிவின் தலைவர். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் நேரக்காரர். யாராவது காலையில் பிறந்தநாள் கேக்கைப் பிரித்துவிட்டால் போதும், மனுஷர் பதறிப்போவார்.

“ஐயையோ, வெறும் வயித்துலயா? சர்க்கரை குப்புனு ஏறிடுமே! மூடி வைங்க, மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் பாத்துக்கலாம்.”

மதியம் பார்த்தால் கேக் இருக்காது. அட்டைப்பெட்டி இருக்கும். நேரக்காரரின் உதட்டோரத்தில் கொஞ்சம் க்ரீம் இருக்கும்.

இதற்கெல்லாம் காரணம் அந்த டாக்டர்தான், பாவம். ரத்தப் பரிசோதனையில் நம்மவருக்குச் சர்க்கரை விளிம்பில் வந்து நின்றது. மனைவிக்கு அன்றைக்கே பாதி உயிர் போய்விட்டது. அந்த அம்மாளின் அண்ணனுக்குக் கண்பார்வை போனதே இந்தப் பாழாய்ப்போன சர்க்கரையால்தான். “வாயைக் கட்டுங்க. மூணு மாசத்துல குறையலைன்னா ஆயுசுக்கும் மாத்திரைதான்” என்றார் டாக்டர். நம்மவர் சரி என்று எழுந்து வந்திருக்கலாம். வருவாரா?

“எந்த நேரத்துல சாப்பிட்டா நல்லதுன்னு மட்டும் சொல்லிடுங்க டாக்டர்.”

“சாப்பிட்டே ஆகணும்னா, சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரே ஒரு துண்டு. அப்புறம் கொஞ்சம் நடங்க.”

ஒரே ஒரு துண்டு என்பது நம்மவர் காதில் ஏறவேயில்லை.

மனைவி, துணையாக இருக்கட்டும் என்று தன் டீயிலும் சர்க்கரையை நிறுத்தினார். நம்மவர் சாப்பாட்டைக் கூட்டினார். சாப்பாட்டுக்கு அப்புறம்தானே இனிப்பு? அப்படியானால் இனிப்புக்கு முன்னால் ஒரு சாப்பாடு வேண்டும், அவ்வளவுதானே! முற்பகலில் கிள்ளு அளவு ரொட்டி, அது சாப்பாடு. அதன் பின்னாலேயே ஜாம் தடவிய கேக், அது டாக்டர் உத்தரவு. சாயங்காலம் நாலு வேர்க்கடலை, அதுவும் சாப்பாடு. தொட்டுக்கொண்டாற்போல ஒரு சாக்லேட், அதுவும் உத்தரவு. நடக்கவும் செய்தார், பொய் சொல்லக்கூடாது. ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவியதும் தெருக்கோடி வரைக்கும் விறுவிறுவென்று நடந்தார். தெருக்கோடியில் ஐஸ்கிரீம் கடை.

“இளைச்ச மாதிரியே தெரியலையேங்க?”

“உள்ளுக்குள்ள குறையும்மா. எல்லாம் கரெக்டா நேரப்படி போயிட்டிருக்கு.”

அந்த அம்மாள் நம்பினார். அதுதான் வயிறு எரிகிற விஷயம்.

மறுபரிசோதனை வந்தது. டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார். “என்னங்க சாப்பிட்டீங்க?” நம்மவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நீங்கள் சொன்ன நேரம் ஒரு நாளும் தவறவில்லை என்று, ரொட்டியில் தொடங்கி ஐஸ்கிரீம் வரை பெருமையாக ஒப்பித்தார். கேட்கக் கேட்கப் பக்கத்து நாற்காலியில் மனைவியின் முகம் வெளுத்துப்போனது.

“எங்கண்ணன் தட்டைத் தடவித் தடவிச் சாப்பிடறார். பாத்தீங்கல்ல? பாத்துட்டுமா இப்படிப் பண்ணீங்க?” கேட்டுவிட்டு அழுதுவிட்டார்.

நம்மவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். வெட்கமாகத்தான் இருந்தது, நிஜமாகவே. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வெட்கம் வாசல்படி வரை வந்தது. வெளியே வந்து மருந்துச் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தவர் முகம் மலர்ந்துவிட்டது. “இங்க பாரும்மா! சாப்பாட்டுக்கு அப்புறம்னு அவரே எழுதியிருக்கார். மாத்திரை கசக்கும்ல, பின்னாடியே வாய்க்கு ஏதாவது...”

திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் ஆள் இல்லை. அந்த அம்மாள் தனியாகப் பஸ் ஏறிவிட்டிருந்தார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று. ‘அதெல்லாம் சரி, சாப்பாட்டுக்கு அப்புறம் எத்தனை நிமிஷத்தில் இனிப்பு என்று டாக்டர் சொல்லவே இல்லையே’ என்று நடுவில் ஒரு தடவையாவது உங்களுக்குத் தோன்றியிருந்தால், கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள். உங்கள் வீட்டில் இருப்பவர்களோடு நான் தனியாகப் பேச வேண்டும்.