ரைன் நதிக்கரையில் ஒரு சித்தி

வாசகரே, உங்களுக்கு ஒரு பிறவியை அறிமுகம் செய்யப்போகிறேன். பெயர், பயணத் திட்டத் திலகம். லண்டனில் எங்கும் காணலாம். மோர்டன் பக்கம் சற்று அதிகம். தை மாதக் குளிரில் மற்றவர்கள் ஹீற்றரோடு ஒட்டிக்கொண்டு இருமிக்கொண்டிருக்கும்போது, இவர் மடிக்கணினியைத் திறந்துவைத்து ஆகஸ்டில் வாழத் தொடங்கிவிடுவார்.

எங்கள் சிவானந்தன் அண்ணை இதில் முதல் தரம். இந்த வருடம் அவர் கைவைத்தது ரைன் நதியில். சுவிஸின் பாசலில் தொடங்கி நெதர்லாந்தின் ரொட்டர்டாம் வரை ஆற்றோடு ஆறாகக் காரில் போவது. ஏழு இரவு, ஏழு காம்பிங் திடல். ஆறில்லா ஊருக்கு அழகு பாழ் என்பார்கள். யாழ்ப்பாணத்தில் ஆறு ஏது? அந்தக் குறையை ஒரே வாரத்தில் தீர்த்துவிடுவதென்று அண்ணை முடிவெடுத்திருந்தார்.

திட்டம் எக்செலில் ஏறியது. ஒவ்வொரு இரவுக்கும் ஒரு பச்சைக் கட்டம். சூரியன் எத்தனை மணிக்கு மறையும், கூடாரத்திலிருந்து கழிவறைக்கு எத்தனை அடி, வடக்கே தலை வைக்காமல் படுப்பதென்றால் வாசலை எந்தப் பக்கம் திருப்புவது, எல்லாம் அதில் இருந்தது. கூடாரமும் வந்தது. வந்த கையோடு, பழகிப்பார்க்க வேண்டுமென்று வரவேற்பறையில் அடித்து நிறுத்தினார். மூன்று நாள் அந்த வீட்டில் தொலைக்காட்சி பார்க்க விரும்பியவர்கள் தவழ்ந்துதான் போனார்கள்.

இதிலே கமலேஸ்வரி அக்காவுக்கு என்ன என்று கேட்கிறீர்களா? அவர் அண்ணையின் மனைவி. பதினெட்டு வருடமாக ஷிப்ட் முடிந்தால் அடுப்பு, அடுப்பு முடிந்தால் ஷிப்ட். ஆகஸ்டில் அவருக்கு ஐம்பது வயது. என்ன வேண்டும் என்று அண்ணை கேட்டபோது அவர் நகை கேட்கவில்லை.

"ஒரு நாள், ஒருத்தருக்கும் சமைக்காமல், ஒருத்தற்ற வீட்டிலயும் சாப்பிடாமல், ஆத்தைப் பாத்துக்கொண்டு சும்மா இருக்கவேணும். அவ்வளவுதான்."

"அதுக்கென்ன, ஏழு நாளும் அப்பிடித்தான்!" என்றார் அண்ணை. மனதாரத்தான் சொன்னார்.

ஆனால் திட்டத் திலகங்களுக்கு ஒரு வியாதி. திட்டத்தை வாய்க்குள் வைத்திருக்க ஏலாது. ஆற்றங்கரையில் நுளம்புக்கடி உண்டா என்று கேட்க, பாசலில் இருக்கும் மச்சானுக்கு ஒரு போன் எடுத்தார். ஒரேயொரு போன்.

"என்ன கதை கதைக்கிறாய்? எங்கட வீடு இருக்க, நீ வெளியில துணி கட்டிப் படுக்கிறதோ? சனம் என்ன சொல்லும்?"

பாசல் கட்டம் சிவப்பானது. சரி, பாசலில் தங்கிவிட்டு ஸ்ட்ராஸ்பூர்க் மாமா வீட்டைக் கடந்து எப்படிப் போவது? மாமா வீட்டில் நின்றது தெரிந்தால் மன்ஹைமில் இருக்கும் வகுப்புத் தோழன் சும்மா விடுவானா? வாட்ஸ்அப் இந்தச் செய்தியை ரைனைவிட வேகமாகக் கீழே கொண்டுபோய்ச் சேர்த்தது. கொலோன் போச்சு. டுசல்டோர்வ் போச்சு. வைகாசி பிறப்பதற்குள் ரொட்டர்டாமும் போச்சு.

அண்ணை கவலைப்பட்டாரா? அதுதான் இல்லை! யாருக்கு என்ன கொண்டுபோவது, எந்த வீட்டில் மச்சம், எந்த வீட்டில் சைவம், யாரிடம் யாருடைய பேச்சை எடுக்கக்கூடாது என்று எக்செலில் புதிதாக மூன்று பக்கம் திறந்தார். மிளகாய்த்தூள், பருத்தித்துறை வடை, சாறி என்று காரின் பின்புறம் நிரம்பி, கூடாரம் கூரைக்கு ஏறியது.

மகள் மிதுஷா பட்டியலைப் பார்த்தாள். "அப்பா, திஸ் இஸ் நொட் காம்பிங். திஸ் இஸ் புட்டு இன் சிக்ஸ் டிஃபரன்ற் ஹவுசஸ்."

ஒரு கட்டம் மட்டும் பச்சையாக மிஞ்சியது. இரண்டு பக்கமும் மலை நெருங்கி, மலைக்கு மலை கோட்டை நிற்கும் இடத்தில், ஆற்றோரமாக ஒரு திடல். சொந்தக்காரர் ஒருவரும் குடியேறாத இடம். திகதியும் பிறந்தநாளே. அக்கா அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"இதில கை வச்சியளெண்டா நான் வரமாட்டன்."

"சத்தியமா இல்லை," என்றார் அண்ணை.

புறப்பட ஒரு வாரம் இருக்கும்போதுதான், அண்ணையின் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை ஒருவர் பேர்லினிலிருந்து கோப்லென்ஸுக்கு வீடு மாறிவிட்டதாகத் தகவல் வந்தது. திடலிலிருந்து நாற்பதே கிலோமீற்றர். அண்ணை உடனே போன் எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டார். மனைவியிடம் எப்போது சொன்னார் தெரியுமா? பிறந்தநாளன்று, பின்னேரம், ஓடுகிற காருக்குள். ஓட்டிக்கொண்டிருந்தவர் அக்கா.

"இஞ்சரும், கோப்லென்ஸில சித்தி புட்டு அவிச்சு வச்சுக்கொண்டு வாசலைப் பாத்துக்கொண்டு நிக்கிறாவாம். போகாட்டி மனுசி என்ன நினைக்கும்? அங்க ஓடுறதும் இதே ஆறுதானே?"

அக்கா திடலுக்குள் காரைத் திருப்பி நிறுத்தினார். மகளும் அவருமாகக் கூடாரத்தைக் கூரையிலிருந்து இறக்கினார்கள். பிறகு வடைப் பொதி ஒன்றை எடுத்து அண்ணையின் கையில் வைத்தார்.

"சித்தி மனம் நோகக்கூடாது. நீங்கள் போங்கோ. அந்தா, ஸ்ரேசன்."

நின்றிருக்கலாம். ஒரு போன் எடுத்து "வர ஏலாது சித்தி" என்றிருந்தால் முடிந்தது. ஆனால் போனார், வாசகரே. வடையோடு ரயில் ஏறிப் போனார். சித்தி வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டு, ஆறு எப்படி இருக்கிறது என்று மகளுக்குச் செய்தி அனுப்பினார். அங்கே தாயும் மகளும் பாணும் சீஸும் சாப்பிட்டுவிட்டு, கப்பல்கள் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்களாம். இதைச் சொல்லும்போது அக்காவின் முகத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. அண்ணையை நினைத்து மனம் கொஞ்சம் நொந்தும் போனது. அவரும் ஆசைப்பட்ட ஆறுதானே அது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஒரேயொரு கேள்வி: ரைன், ரைன் என்று நான் சொல்லிக்கொண்டு வந்தபோது, அந்தக் கரையில் நமக்கு யார் யார் இருக்கிறார்கள் என்று மனதுக்குள் விரல்விட்டு எண்ணினீர்களா, இல்லையா? எண்ணியிருந்தால், புறப்படுமுன் காரை யார் ஓட்டப்போகிறார்கள் என்பதை மட்டும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.