சங்கராபுரத்துக்கு மேற்கே ஒரு காலி இடம்

வேலையில்லாதவன் செய்யும் வேலையைப் போல் சிரத்தையாக நடக்கும் வேலை உலகத்தில் வேறு கிடையாது. சம்பளம் வாங்குகிறவன் சாயந்திரம் ஆனால் கம்ப்யூட்டரை மூடிவிடுவான். எனக்கு அந்த வசதி இல்லை. இன்ஜினீயரிங் முடித்துவிட்டு தியாகதுருகத்தில் வீட்டோடு கிடந்த காலத்தில், நான் ஒரு ஆன்லைன் விளையாட்டுக்கு மேப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஒரு மேப்தான் என் குடும்ப வாழ்க்கையை ஆரம்பிக்கும் முன்பே முடித்து வைத்தது.

விளையாட்டு சுலபமானது. திரையில் ஒரு மேப் இருக்கும். ஆளுக்குக் கொஞ்சம் படை. பகடை உருட்டிப் பக்கத்து இடத்தைப் பிடிக்க வேண்டும். எல்லை ஒட்டியிருந்தால்தான் சண்டை போடலாம். புது மேப்பை யார் வேண்டுமானாலும் வரைந்து கொடுக்கலாம்; மேற்பார்வையாளர்கள் (எங்கேயோ வெளிநாட்டில் என்னைப் போலவே வெட்டியாக இருந்த நாலு பேர்) பார்த்துத் திருத்தம் சொல்வார்கள். ஐரோப்பா இருந்தது, ஆப்பிரிக்கா இருந்தது. கள்ளக்குறிச்சி இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க நான் கிளம்பினேன்.

கல்வராயன் மலையை மேற்கே நிறுத்தி, படை இறங்க ஒரே ஒரு பாதையை விட்டேன். கோமுகியைத் தாண்ட முடியாத ஆறாக்கினேன் (நேரில் கோடைக்காலத்தில் செருப்பு நனையாமல் தாண்டலாம்). தியாகதுருகம் கோட்டையை வைத்திருப்பவனுக்குக் கூடுதல் படை என்று விதி செய்தேன். சொந்த ஊர்ப் பாசத்தைக் காட்ட எனக்கு வேறு இடம் வாய்க்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு ஒரு மேற்பார்வையாளர், விதிகளை எழுதும் பெட்டிக்கு இடமே இல்லை, ஏதாவது ஒரு ஊரைத் தூக்கு என்றார். சங்கராபுரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் மேலக்கொட்டாய் என்று ஒரு சின்ன ஊர் இருந்தது. நான் போனதில்லை. அதைத் தூக்கிவிட்டுப் பெட்டியை வைத்தேன். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

கொஞ்ச நாள் கழித்து மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எனக்கு ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். பெண் பெயர் செல்வி. சங்கராபுரத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஊர் மேலக்கொட்டாய் என்றார். எங்கேயோ கேட்ட பெயராக இருந்தது, அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. பையன் என்ன செய்கிறான் என்று அவர்கள் கேட்டதற்கு மாமா கூச்சமே இல்லாமல் மேப்பு போடுகிறான் என்று சொல்லியிருந்தார். எங்கள் பக்கத்தில் மேப்பு என்றால் ஒன்றுதான்: சர்வேயர் வரப்பில் நின்று விரித்துப் பார்க்கும் காகிதம்.

செல்வியின் அப்பாவுக்கும் பக்கத்து நிலத்துப் பங்காளிக்கும் ஒரு வரப்பால் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அளக்க மனு கொடுத்து அலுத்துப்போனவர், பெண் பார்க்கப் போன அன்றைக்கு என்னை ஒரு தாசில்தாரை உட்கார வைப்பது போல உட்கார வைத்தார்.

“தம்பிக்கு ஆபீசு எங்க?”

“வூட்லருந்தேதாங்க. எல்லாம் ஆன்லைன்.”

“பட்டாவே ஆன்லைன் ஆயிடுச்சி, அப்பறம் இன்னா. எந்த ஏரியா பாக்கறீங்க?”

“கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், மலை பூரா நான்தாங்க.”

“எல்லையெல்லாம்?”

“அதுவும் நான்தாங்க. எல்லை சரியா இருந்தாதான் சண்ட நல்லா நடக்கும்.”

தம்பி தமாஷாகப் பேசுகிறார் என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ஆனால் அவர் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு நடுவிலேயே புரிந்துவிட்டது. அதற்குள் செல்வியைப் பார்த்துவிட்டேன், வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு பேரும் பேசிக்கொள்ளட்டும் என்று மோட்டார் கொட்டகைப் பக்கம் அனுப்பினார்கள். அவளை ஏமாற்ற முடியவில்லை. வெயிலே படாத கையைப் பார்த்தாலே தெரிகிறது, நிஜத்தைச் சொல்லுங்கள் என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். பகடை, படை, கோட்டை எல்லாம். அவள் சிரித்தாள்.

“வேல இன்னைக்கி இல்லன்னா நாளைக்கி வரும். பூ வெச்சப்பறம் அப்பாகிட்ட நானே மெதுவா சொல்லிக்கறேன். நீங்க கம்முனு இருங்க, அது போதும்.”

அந்தக் காலத்தில் என்னிடம் அப்படிப் பேசியவர்கள் வேறு யாரும் இல்லை. எங்கள் வீட்டில் நாய்கூட என்னைச் சம்பளம் இல்லாதவன் என்றுதான் பார்க்கும். வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். அவளைக் கட்டிக்கொண்டால் எனக்கு எல்லாம் சரியாகிவிடும் என்று நிஜமாகவே நம்பினேன். அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, கம்மென்று இருப்பது.

பூ வைத்துச் சம்பந்தத்தை உறுதி செய்கிற நாள் வந்தது. தாம்பாளங்களோடு போனோம். வாசலில் பந்தல், பந்தலுக்குள் முறுக்கிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர்தான் அந்தப் பங்காளி. செல்வியின் அப்பா வேண்டுமென்றே அவரை அழைத்திருக்கிறார். அம்மா பூவைக் கையில் எடுக்கும் நேரம் பார்த்து செல்வியின் அப்பா எழுந்து நின்றார்.

“எல்லாரும் இருக்கீங்க. நம்ம மாப்ள போட்ட மேப்பு இருக்குது. அதுல வரப்பு எப்பிடி இருக்குதோ, அதுக்கு நான் கட்டுப்படறேன். அவனும் கட்டுப்படட்டும். காட்டுங்க மாப்ள.”

போன் சார்ஜ் இல்லை என்று சொல்லியிருக்கலாம். கண்ணாடி மறந்துவிட்டேன் என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் கவனியுங்கள், என் மேப்பை முதல்முறையாக ஒரு கூட்டம் பார்க்க ஆசைப்படுகிறது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கதவோரம் நின்ற செல்வி வேண்டாம் என்று தலையாட்டினாள். பார்த்தேன். பார்த்தும் போனைத் திறந்து நீட்டினேன்.

மலையைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார்கள். தியாகதுருகம் ஏன் இவ்வளவு பெரிசு என்று ஒருவர் கேட்டார். செல்வியின் அப்பாவின் விரல் சங்கராபுரத்தில் ஆரம்பித்து மேற்கே நகர்ந்து ஒரு கறுப்புப் பெட்டியில் போய் நின்றது. மறுபடி சங்கராபுரத்துக்கு வந்து மறுபடி பெட்டிக்குப் போனது. பங்காளியும் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

“எங்க ஊரு எங்க மாப்ள?”

வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும் என்கிற அந்த நிலையில் நான் விளக்கம் கொடுத்தேன்.

“இல்லீங்க, பொட்டி வெக்க எடம் வேணும்னாங்க. இந்தப் பக்கம்தான் காலியா இருந்துச்சி.”

அந்தப் பங்காளி, தனக்கு அண்ணன் முறையான செல்வியின் அப்பாவைப் பார்த்துக் கேட்டார். பல வருஷம் கழித்து அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

“இன்னாண்ணா, நம்ம ஊரக் காலின்றான்?”

அதோடு அவர்கள் வரப்புச் சண்டை தீர்ந்தது. இரண்டு பேரும் தோளோடு தோள் நின்று என்னைத் திட்டினார்கள். வேலை என்னவென்று மாமாவை உலுக்கினார்கள், மாமா உளறினார், எல்லாம் வெளியே வந்தது. நான் செல்வியைப் பார்த்தேன். இப்போதாவது அவள் பேசுவாள் என்று நினைத்தேன். பேசினாள், என்னிடம் இல்லை. பூவோடு நின்ற அம்மாவிடம் வந்து தணிந்த குரலில் சொன்னாள்.

“அவருக்கு வேல இல்லன்னு எனக்கு முன்னாடியே தெரியுங்க அத்தை. தெரிஞ்சிதான் சரின்னேன். எங்க ஊரு காலியா இருக்குதுன்னுதான் எனக்குத் தெரியாமப் போச்சி.”

தாம்பாளங்களைத் தூக்கிக்கொண்டு திரும்பினோம். ஊரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி அன்றைக்கே மேற்பார்வையாளருக்கு எழுதினேன். மேப் வெளியாகிவிட்டது, ஆட்டங்கள் நடந்துகொண்டிருக்கின்றன, இனி மாற்ற முடியாது என்று பதில் வந்தது. எவ்வளவோ நல்ல மனுஷர், கடைசியில் மேப் வெளியானதற்கு வாழ்த்தும் சொல்லியிருந்தார். செல்விக்குத் திருநாவலூர்ப் பக்கம் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை அந்தப் பங்காளி பார்த்த இடம்.

எனக்கும் பிறகு வேலை கிடைத்தது. வேலை கிடைத்து என்ன? இன்றைக்கும் விசேஷ வீடுகளில் யாராவது அம்மாவிடம் வந்து, பையனுக்கு ஏதாவது அமைந்ததா என்று கேட்பார்கள். அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொல்வாள்: “எடம் காலியாத்தான் இருக்குது. யாருனா வந்து பொட்டி வெச்சிக்கலாம்.” பந்தி முழுக்கச் சிரிக்கும். நானும் சிரிப்பேன், சிரிக்காவிட்டால் அம்மா அழுதுவிடுவாள்.