மனைமேல் கிடந்த துடுப்பு

காலையில் சிங்காரம் போய்ப் பார்த்தபோது, அவன் முளையடித்து வைத்திருந்த மனையின் நடுவில் ஒரு துடுப்பு குப்புறக் கிடந்தது.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் அவன் குப்பத்துக்கென்று ஒரு முறை உண்டு. புது வீடு கட்ட நினைக்கிறவன் நாலு முளை அடித்துவிட்டுப் போய்விட வேண்டும். ஆட்சேபம் உள்ளவர்கள் விடிவதற்குள் வந்து ஒரு துடுப்பைப் போட்டுவிடலாம்; போட்டால் அங்கே வீடு கட்டக் கூடாது. யார் போட்டது, ஏன் போட்டது என்று கேட்கக் கூடாது. துடுப்புகளெல்லாம் ஒரே புன்னை மரத்தடியில் கிடப்பவை. எது யாருடையது என்று சொல்லவும் முடியாது. வாய்ச்சண்டை வராமலிருக்கப் பெரியவர்கள் கண்டுபிடித்த வழி அது. பாவம், அவர்களுக்குச் சிங்காரத்தைத் தெரியாது.

வீடு அவனுக்கு அவசரம். ஏரியில் யார் எப்போது வலை விடுவது என்று வருடத்துக்கொரு முறை, மழைக்கு முன்னால், சீட்டுப் போடுவார்கள். தனி அடுப்பு எரிகிற வீட்டுக்குத்தான் சீட்டு. நாலு கால் நட்டு, கீற்றுப் போட்டு, ஓர் உலை கொதித்தால்கூடப் போதும். சிங்காரத்துக்கு அதுவும் இல்லை. அண்ணன் வீட்டில் ஒரு பழைய வலையைக் குறுக்கே தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் புதுக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தான். வலையில் எத்தனை ஓட்டை இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மனைவி தெய்வநாயகியிடம் துடுப்பு விஷயத்தை அவன் மூச்சுவிடவில்லை. காட்டுப்பள்ளிக் கடலோரத்திலிருந்து வாழ வந்து ஒரு வருடம்கூட ஆகாதவள். தெருவே தன் புருஷனை வேண்டாம் என்கிறது என்று தெரிந்தால் என்ன நினைப்பாள்?

“இன்னா, எடம் இன்னாச்சு?” என்று கேட்டாள் அவள்.

“அது சரியில்ல. வேற பாக்கலாம்.”

அவள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மீன் கழுவப் போனாள்.

சிங்காரத்தின் சந்தேகமெல்லாம் அந்த மனைக்குப் பக்கத்தில் கருவாடு காயவைக்கும் கஸ்தூரியம்மாள்மேல். துடுப்பைப் பற்றிக் கேட்கத்தானே கூடாது? அவன் கேட்கவில்லை, சொன்னான்.

“அத்தே, நீ பண்ணது உனக்கே நல்லா கீதா?”

“இன்னாடா பண்ணேன்?”

“என் கூரை எழும்புனா உன் கருவாட்டுக்குக் காத்து வராதுன்னுதானே?”

கஸ்தூரியம்மாள் கருவாட்டைத் திருப்புவதை நிறுத்தினாள். கடல் இருக்கும் திசையைப் பார்த்தாள். முளைகளைப் பார்த்தாள்.

“அட, ஆமாண்டா! எனக்குத் தோணவே இல்ல பாரு. கடல்காத்து மொத்தமா அடைச்சிக்குமே!”

சாயங்காலத்துக்குள் கருவாட்டுக்காரப் பெண்கள் அத்தனை பேரும் குப்பத்துத் தலைவரான நாட்டார் அங்கமுத்துவின் வாசலில் நின்றார்கள். அந்தப் பக்கம் இனி எவனும் கூரை போடக் கூடாது என்று அவரும் சொல்லிவிட்டார்.

சிங்காரம் தெருவின் மறுகோடிக்குப் போய், ஒல்லாந்தர் கோட்டைக்கு எதிரே முளையடித்தான். விடிந்தால் அங்கேயும் ஒரு துடுப்பு.

இது கோட்டையின் வேலை என்று அவனுக்குத் தோன்றியது. கோட்டைத் துரைக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி ஞானதாஸிடம் நேரே போனான்.

“ஐயா, பீரங்கிக்கு நேரா கீதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே நவுந்திருப்பேனே!”

“எந்தப் பீரங்கிக்கு?”

“ஏரியப் பாத்துக்கினு நிக்குதே, அதுக்கு.”

ஞானதாஸ் உள்ளே போய்த் துரையிடம் சொன்னார். துரை மதில்மேல் ஏறிப் பார்த்தார். பீரங்கிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று அதுவரை அவர் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. வெகுநேரம் பார்த்தார். ஞானதாஸ் சிரித்த முகத்தோடு திரும்பி வந்தார்.

“துரைக்கு ரொம்ப சந்தோஷம்பா. இந்த ஊர்ல உன்ன மாதிரி அக்கறையா யாரும் சொன்னதில்லையாம்.”

“அப்போ வீடு?”

“வீடு கூடாது. அந்த வரிசையில ஏற்கெனவே இருக்கற கூரைங்களும் உசரமாம். எல்லாத்தையும் ஒரு முழம் எறக்கணும்னு உத்தரவு.”

அந்த வாரம் முழுக்க அந்தத் தெரு ஆண்கள் குனிந்து வீட்டுக்குள் போனார்கள். வெளியே வரும்போது சிங்காரத்தைத் திட்டிக்கொண்டே நிமிர்ந்தார்கள். அண்ணன் தாமோதரனின் வீடும் அந்த வரிசையில்தான். அண்ணியின் நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம்.

“அந்த எடத்தையும் வுட்டாச்சா?” என்றாள் தெய்வநாயகி.

“அதுவும் சரியில்ல.”

“எடம்னா கெட்டியா புடிக்கணும்யா” என்றாள் அவள். சிங்காரம் வலைக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டான்.

சீட்டுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. மிச்சமிருந்தது ஒரே இடம், நாட்டார் வீட்டுக்குப் பின்னாலிருந்த மணல்திட்டு. காற்றுக்கும் குறுக்கில்லை, பீரங்கிக்கும் குறுக்கில்லை. முளையடித்தான். மறுநாள் காலையில் துடுப்பு கிடந்தது.

சிங்காரம் நேரே நாட்டார் வீட்டுக்கு நடந்தான். வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்த நாட்டார் முன்னால் போய் நின்று, கேட்கக் கூடாததைக் கேட்டே விட்டான்.

“நாட்டாரே, நீயா போட்ட?”

நாட்டார் வேப்பங்குச்சியைத் துப்பினார். கொஞ்ச நேரத்தில் மணல்திட்டைச் சுற்றிக் குப்பமே கூடிவிட்டது.

“இந்தக் குப்பத்துல எவனும் கேக்காத கேள்விய இவன் கேட்டுட்டான்” என்றார் நாட்டார். “அதனால நானும் கேக்கறேன். துடுப்ப போட்டவங்க வந்து எடுத்துட்டா, இந்த எடம் சிங்காரத்துக்கு. உச்சிப்பொழுது வரைக்கும் யாரும் எடுக்கலன்னா, இனி எந்த வருசமும் சீட்டுல இவன் பேர் கெடையாது.”

ஒருவரும் அசையவில்லை.

“எனக்கு ஆசதான்” என்றாள் கஸ்தூரியம்மாள். “ஆனா நான் போடல.”

“நான் போடத்தான் வந்தேன்” என்றான், கூரையை இறக்கிய தேசப்பன். “அதுக்குள்ள ஒண்ணு கெடந்துச்சு. திரும்பிப் போயிட்டேன்.”

“கோட்டையில துடுப்பே கெடையாது” என்றார் வேடிக்கை பார்க்க வந்த ஞானதாஸ்.

வெயில் ஏறிக்கொண்டே போனது. சிங்காரம் மணலைப் பார்த்தபடி நின்றான். சிறுவயதிலிருந்து கூடவே மீன் பிடித்தவர்கள், ஒரு துடுப்பைக் குனிந்து எடுக்க ஒருவருக்கும் மனசு வரவில்லை.

அப்போது பெண்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தெய்வநாயகி வந்தாள். கூடையை இறக்கி வைத்தாள். துடுப்பை எடுத்து, ஒட்டியிருந்த மணலைத் தட்டி, தோளில் சாத்திக்கொண்டு புருஷனை முறைத்தாள்.

“எங்க காட்டுப்பள்ளியில துடுப்ப போட்டா எடம் நம்மளுதுன்னு அர்த்தம், வேற எவனும் கால வெக்க மாட்டான், மூணு தரம் விடியறதுக்குள்ள எழுந்து வந்து உனக்கு எடம் புடிச்சு வெச்சா, மூணு தரமும் வுட்டுட்டு ஓடியாறியே, நீயெல்லாம் ஒரு ஆம்பளயாய்யா?”