ரெட் ஆக்சைடு கேட்ட சம்பந்திக்கு

தோ பாயோ,
ஞாயிற்றுக்கிழமை காலை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி மருதப்பன் அவர்களுக்கு ரகுபதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் விசாலாட்சியும் உங்கள் வருங்கால மருமகள் பவித்ராவும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நீங்கள் வாட்ஸ்அப் பார்ப்பதில்லை, போனில் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுகிறீர்கள் என்பதால் இதை எழுதி மாப்பிள்ளை ரித்திக் கையில் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மறுபடி எடுத்துப் படிக்கலாம் அல்லவா.

முதலில் நன்றி. பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளைக்குக் கார் வாங்கிக் கொடுத்த கதைகளை நிறையக் கேட்டிருக்கிறேன். மாப்பிள்ளையைப் பெற்றவர் பெண்ணைப் பெற்றவனுக்கு, அதுவும் அவன் வாலிபத்திலிருந்து ஏங்கிய மோரிஸ் மைனரையே, "பழுது பாத்து ஓட்டிக்குங்க" என்று தூக்கிக் கொடுத்தது உலகத்தில் நம் இரண்டு குடும்பத்தில் மட்டும்தான் நடந்திருக்கும். தாலி கட்டி முடிந்ததும் மணமக்கள் பின் சீட்டில், நீங்கள் முன் சீட்டில், நான் ஓட்ட, சிராங்கூன் சாலைக் கோயிலிலிருந்து ஆங் மோ கியோவில் உங்கள் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர வேண்டும். இதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை. நீங்களோ பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சைப் பற்றிப் பேச்செடுத்ததும் போனில், "ப்ரைமர் ரெட் ஆக்சைடுதான் அடிக்கணும். இல்லன்னா அந்த வண்டில நான் ஏற மாட்டேன், டாக்சி பிடிச்சுப் போயிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். மருமகள் காரில் வர மாமனார் டாக்சியில் போனால் எங்கள் சொந்தக்காரர்கள் பேரன் பேத்தி காலம் வரை அதைப் பேசுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் சின்னராசு பழைய பெயின்ட் முழுவதையும் சுரண்டி, வெறும் தகடாக வண்டியை நிறுத்திவிட்டு, "அண்ணே, இன்னிக்கே ப்ரைமர் அடிச்சாகணும். நம்ம ஊரு ஈரக் காத்துல வெறும் தகடு தாங்காது லா" என்றார். ரெட் ஆக்சைடு என்றேன். "அது வீட்டு கேட்டுக்கு அடிக்கிறதுண்ணே. தண்ணிய உறிஞ்சும். எபாக்ஸி அடிங்க. ரெண்டு டப்பா கலந்து அடிக்கிறது, தகட்டோட ஒட்டிக்கிட்டா அசையாது" என்றார். மாப்பிள்ளையிடம் கேட்டேன். "எபாக்ஸிதான் கரெக்ட் மாமா. ஆனா அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்று நழுவிவிட்டார். பெற்ற பிள்ளையே சொல்லப் பயப்படுவதை நான் எந்தத் தைரியத்தில் சொல்வது. யோசித்துச் சொல்கிறேன் என்று சின்னராசுவிடம் ஒரு நாள் தவணை வாங்கிக்கொண்டு, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், "நல்ல ப்ரைமர் எது? அவசரம்" என்று போட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

லிட்டில் இந்தியாவில் மணப்பெண் அலங்காரம் செய்யும் என் தங்கை மகள் ரோஷினிதான் முதலில் பதில் போட்டாள். "ஸ்கின் எப்படி மாமா? ஆய்லியா, ட்ரையா?" தகட்டைத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று நினைத்து, விவரமாகவே எழுதினேன்: "எண்ணெய்ப் பிசுக்கு துடைத்தாகிவிட்டது. வயது அறுபது. அங்கங்கே குழி, ஓரமெல்லாம் அரிப்பு. பழைய பூச்சை முழுக்கச் சுரண்டிவிட்டோம்." அவள், "ஐயோ பாவம் அத்தை. சிலிகோன் ப்ரைமர் போடச் சொல்லுங்க, குழியெல்லாம் மூடிடும்" என்றாள். முகத்தில் மேக்கப்புக்கு முன் தடவுவதற்கும் ப்ரைமர் என்றுதான் பெயர் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. விசாலாட்சிக்குப் போன மாதம்தான் அறுபது முடிந்தது என்பதையும், அந்தக் குழுவில் அவளுடைய அக்காமார் எல்லோரும் இருக்கிறார்கள் என்பதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொண்டால் அன்று எனக்கு இரவுச் சாப்பாடு எப்படிக் கிடைத்திருக்கும் என்று புரியும். கிடைக்கவில்லை.

அவளைச் சமாதானப்படுத்த வேறு வழி தெரியாமல், வண்டிக்குப் பூஜை போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாயே, வா என்று மறுநாள் ஒர்க்‌ஷாப்புக்குக் கூட்டிப்போனேன். சின்னராசு தே தாரே டீ குடிக்கப் போயிருந்தார். "பொட்டு வைக்காம இப்படி மூளியா நிக்க வச்சிருக்கீங்களே" என்று என்னைத் திட்டிக்கொண்டே போனட்டில், கதவுகளில், விளக்குகளுக்கு மேலே எல்லாம் சந்தனத்தைக் குழைத்துக் குங்குமம் வைத்தாள். இடது பக்கக் கதவுக்குக் கீழே, கால் வைத்து ஏறும் படியைப் பார்த்ததும் அவளுக்கு அது நிலைப்படியாகத் தோன்றிவிட்டது. வெள்ளிக்கிழமை வேறு. மஞ்சளைத் தண்ணீர்விட்டுக் கரைத்து அந்தப் படி முழுக்கப் பூசினாள். ஈரம் சொட்டியது. எனக்கு இரவுச் சாப்பாடு நிச்சயம் என்ற நிம்மதியில் நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் சந்தனத்தைத் துடைத்தால் ஒவ்வொரு பொட்டுக்கு அடியிலும் அதே அளவில் ஒரு துருப்பொட்டு. சின்னராசு என் கையில் உப்புத்தாளைக் கொடுத்தார். தேய்த்துக்கொண்டே போய்ப் படிக்கு வந்தபோது, தகட்டுக் குழிகளை நிரப்ப அப்பும் பட்டிப் பூச்சு மஞ்சள் தண்ணீரில் ஊறிப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே பார்த்தால் ஒரு பிஸ்கட் டின். டின்னைத் தட்டி நிமிர்த்தி, ஓட்டையின் மேல் வைத்து ரிவெட் அடித்து, மேலே ரெட் ஆக்சைடைப் பிரஷ்ஷால் அப்பியிருக்கிறார் யாரோ ஒரு மகானுபாவர். பிரஷ் மயிர்கூட ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு மூலையில் பிஸ்கட் கம்பெனி ரோஜாப்பூ சிரிக்கிறது. பின்னால் தகடே இல்லை, என் கட்டைவிரல் தரை வரை போயிற்று. பட்டுப்புடவை கட்டிய பெண் அந்தப் படியில் கால் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும். அந்த மகானுபாவர் கார் பழுது பார்த்தாரா, இல்லை கோழிக்கூண்டுக்கு ஒட்டுப் போட்டாரா என்று நானும் சின்னராசும் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. டின்னைக் குப்பையில் எறிந்தேன். சின்னராசு புதுத் தகடு வெட்டி வெல்டிங் செய்துவிட்டார். விசாலாட்சியின் மஞ்சளுக்கு நான் உயிருள்ளவரை கடமைப்பட்டவன் என்று அதே வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டேன்.

இனி நீங்கள் கேட்ட விஷயம். ப்ரைமர் நேற்று அடித்தாயிற்று. நிறம் சிவப்பு, நல்ல செங்கல் சிவப்பு. டப்பாவில் என்ன எழுதியிருந்தது என்று மட்டும் கேட்காதீர்கள், நேற்றுப் பார்த்து மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன். அடுத்த வாரம் மேலே கிரீம் பெயின்ட் அடித்துவிட்டால் யாரும் எதையும் பார்க்கப்போவதில்லை. ஆகவே டாக்சி எண்ணத்தை விட்டுவிட்டு முன் சீட்டில் சௌகரியமாக அமரும்படி கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் கொடுத்த வண்டியும், அதைவிட மேலாக நீங்கள் கொடுக்கப்போகும் பிள்ளையும் எங்கள் வீட்டுக்கு வந்த பாக்கியம். உங்கள் முழங்காலுக்கு விசாலாட்சி தைலம் காய்ச்சி வைத்திருக்கிறாள். பிள்ளைகள் இருவரும் சண்டை போட்டாலும் ஒரே தட்டில் சாப்பிடும் தம்பதியாக இருக்க நாம் இருவரும் சேர்ந்து வாழ்த்துவோம்.

என்றும் நன்றியுள்ள,
ரகுபதி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மாப்பிள்ளை வந்துவிட்டார். காப்பி குடித்துக்கொண்டே இதைப் படித்தவர், ரோஷினி வந்த இடத்தில் புரையேறும்படி சிரித்தார். பிஸ்கட் டின் வந்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "மாமா, அந்த டின்ன அடிச்சது அப்பாதான். அவங்க கல்யாணத்துக்கு மொத நாளு. மேல பெயின்ட் அடிக்க டைம் இல்லாம, ரெட் ஆக்சைடோடவே அம்மாவ வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாரு. அம்மா அந்தப் படியிலதான் கால் வச்சு எறங்குனாங்க. அம்மா போனதுக்கு அப்புறம் வண்டிய எடுக்கவே இல்ல" என்றார்.

சம்பந்தி, நலம் விசாரித்ததையும் நன்றி சொன்னதையும் விட்டு மேலே உள்ள மற்ற எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். நான் அடித்தது எபாக்ஸி. சிவப்பு நிறத்தில் எபாக்ஸி கிடைக்கிறது என்று தெரிந்ததும் உங்களை ஏமாற்றிவிடலாம் என்று நினைத்தேன். கிரீம் பெயின்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், மேல்பூச்சும் அதே செங்கல் சிவப்புதான். நானும் மாப்பிள்ளையும் உடனே ஒர்க்‌ஷாப்புக்கு ஓடிக் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துத் தேடினோம். டின் கிடைத்துவிட்டது. துடைக்கவில்லை, தேய்க்கவில்லை. ரோஜாப்பூவோடும் பிரஷ் மயிரோடும் இடது பக்கப் புதுப் படிக்கு உள்புறம் சின்னராசு அதைப் பொருத்திவிட்டார். இப்போது திரும்பி வந்துதான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் கேட்ட ரெட் ஆக்சைடு, உள்ளங்கை அகலத்துக்கு, அந்த வண்டியில் இருக்கிறது. ஏறும்போது பார்த்து ஏறுங்கள்.